இல்லாத குலத்தின் இடது காது

ஒரு நாடு என்றால் சட்டம் இருக்க வேண்டும், ஒழுங்கு இருக்க வேண்டும், அந்த இரண்டையும் கவனித்துக்கொள்ள நாற்காலிகள் இருக்க வேண்டும். ஜோர்டான் தேசத்தின் தலைநகரான எங்கள் அம்மான் நகரத்தில் நாற்காலிக்கு என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை. கற்பனையில் பிறந்து கற்பனையில் வாழ்கிற ஜனங்களைக் கவனிக்க மட்டும் ஒரு நாற்காலிகூட இல்லாமல் இருந்தது. பொதுநலன் கருதி அந்தக் குறையையும் அரசாங்கம் போன வருடம் நீக்கிவிட்டது.

விஷயம் இதுதான். ரமலான் மாதம் வந்தால், நோன்பு திறந்து, வயிறு நிறைந்து, சாய்ந்து உட்கார்ந்ததும் ஊரே தொலைக்காட்சித் தொடர் பார்க்கும். இப்போதைய மோஸ்தர், வாளும் கோட்டையுமாக ஒரு ராஜ்ஜியக் கதை. எந்தக் காலம் என்று கேட்கக் கூடாது, எந்த தேசம் என்றும் கேட்கக் கூடாது. அப்படி ஒரு தொடரில் குதிரைத் திருடன் ஒருவன் வந்தான். எழுதினவர் வாய்க்கு வந்த ஒரு குடும்பப் பெயரை அவனுக்கு வைத்துத் தொலைத்தார். அந்தப் பெயரில் நிஜமாகவே ஒரு குடும்பம் இருந்தது.

மறுநாளே அந்தக் குடும்பத்துப் பெரியவர்கள் மேலங்கி சகிதம் தயாரிப்பாளர் அலுவலகத்தில் வந்து இறங்கினார்கள். காப்பி கொடுத்தார்கள். வந்தவர்கள் வாங்கிக் கீழே வைத்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் வந்தவர் காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்தால், கேட்டதைக் கொடுத்தால்தான் தொடுவேன் என்று அர்த்தம். அத்தனை கோப்பையும் ஆறிப்போவதைப் பார்த்துக்கொண்டிருக்க எந்த மனுஷனால் முடியும்? அடுத்த பாகத்திலிருந்து குதிரைத் திருடன் குதிரை வைத்தியனாகிவிட்டான். கதை புரியவில்லை என்று ஒருவரும் புகார் சொல்லவில்லை. முன்னால் புரிந்திருந்தால்தானே சொல்வதற்கு!

இதற்குப் பிறகு பிறந்ததுதான் கற்பனைப் பெயர்கள் நெறிப்படுத்தும் இயக்ககம். அதன் தலைமை இயக்குநர் டாக்டர் நுஃமான். எதில் டாக்டர் என்று கேட்டவர்களுக்கு அவர் பதில் சொன்னதில்லை. அவர் கொண்டுவந்த முதல் விதி இது: கதையில் வரும் பெயர் நம்பும்படியாக இருக்க வேண்டும், ஆனால் அதை யாரும் நம்பிவிடக் கூடாது.

இந்த விதிக்கு உட்பட்டுப் பெயர் வைக்கத் தெரிந்த ஒரே ஆள் ஊரில் வஜ்திதான். ஐம்பதைத் தாண்டியவர், மனைவியை இழந்தவர், லமா என்று ஒரே மகள். அவருடைய சொந்தக் குடும்பப் பெயர் முனஜ்ஜித். மெத்தை தைக்கிறவர் என்று அர்த்தம். தாத்தாவுக்குத் தாத்தா தெருத் தெருவாகப் போய்ப் பஞ்சு அடித்தவர். யாராவது, "உங்கள் குலம் எது?" என்று கேட்டால் வஜ்தி வானத்தைப் பார்த்து, மழை வருமா என்று விசாரிப்பார்.

அந்த வருடத் தயாரிப்பாளர் ஜவாத் வெளிநாட்டில் படித்து வந்த இளைஞர். கறுப்புக் கண்ணாடியைக் கண்ணுக்குப் போடாமல் நெற்றிக்குப் போடுகிறவர். ராஜாவின் பெயரை அவரே எழுதிக்கொண்டு வந்துவிட்டார்: க்ஷ்த்ராக்வோர்.

வஜ்தி அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். இரண்டாவது முறை தண்ணீர் குடிக்க வேண்டியதாயிற்று.

"இதை எப்படிங்க சொல்றது?"

"சொல்ல முடியாதுங்கறதுதான் உஸ்தாத் அதோட அழகே. வெளிநாட்டுல எல்லாம் இப்படித்தான் வெக்கிறாங்க."

"இவனுக்கும் ஒரு அம்மா இருந்திருப்பாளே. சாப்பாட்டு வேளைக்கு மாடியில நின்னு இவனை எப்படிக் கூப்பிட்டிருப்பா?"

"அம்மாவை முதல் பாகத்துலயே கொன்னுட்டோம்."

ஆனால் அந்தப் பெயரை ஒப்புதலுக்காக உரக்கப் படித்த டாக்டர் நுஃமானுக்குப் பல்செட் கழன்று மேசைமேல் விழுந்துவிட்டது. நம்பும்படியாக இல்லை என்று கோப்பு திரும்பி வந்தது. "சரி உஸ்தாத், நீங்களே வெச்சுக்கொடுங்க. ரமலானுக்குள்ள வேணும்" என்று ஜவாத் இறங்கி வந்தார்.

வஜ்தி பெயர் வைப்பது வீட்டுச் சமையலறையில். லமா கத்தரிக்காய் வறுத்துக்கொண்டிருப்பாள், இவர் உள்ளே அரிசி அடைப்பதற்காகக் கோஸா சுரைக்காயைக் குடைந்துகொண்டே யோசிப்பார். சில மாதமாக அங்கே மூன்றாவதாக ஒரு ஆளும் உட்கார ஆரம்பித்திருந்தான். ஃபிராஸ், லிஃப்ட் பொறியாளன். அந்தக் கட்டிடத்து லிஃப்ட் நின்றுபோகும்போதெல்லாம் வந்தவன், பிறகு அது ஒழுங்காக ஓடும்போதும் வர ஆரம்பித்தான். லமாவுக்கும் அவனுக்கும் கல்யாணப் பேச்சு முடிந்த மாதிரிதான். ஃபிராஸின் அப்பா பழைய டயர் வியாபாரி. மூத்த மகன் பெயரைச் சேர்த்து ஊரே அவரை அபூ ஃபிராஸ் என்று கூப்பிடும். "பேரு என்னய்யா பேரு, பொண்ணு தங்கம்" என்று அவரும் மனசாரச் சொல்லியாயிற்று. பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு முறைப்படி வந்து பெண் கேட்க வேண்டியதுதான் பாக்கி. தாயில்லாத பெண்ணுக்கு நல்ல இடம் அமைந்துவிட்டது என்று வஜ்தி நிம்மதியாகத் தூங்கின காலம் அது.

"குடும்பப் பேருங்கறது அந்தக் குடும்பம் ஆசைப்பட்டு வெச்சுக்கறது இல்லம்மா" என்றார் வஜ்தி. "பக்கத்து வீட்டுக்காரன் வெக்கிறது. ஒருத்தன் நொண்டினா நொண்டி வீடு. ஒருத்தன் வீடு எரிஞ்சா எரிஞ்ச வீடு. பேருக்குள்ள ஒரு காயம் இருந்தாத்தான் நம்புவாங்க."

"அப்ப நம்ம ராஜா குலத்துக்கு என்ன காயம்?" என்றாள் லமா.

"அவங்க முப்பாட்டனோட இடது காதை ஓநாய் கடிச்சிடுச்சு. காதைக் கையில எடுத்துக்கிட்டே ஓநாயைக் கொன்னான். அன்னியிலேருந்து அவனை தஹ்மூர்னு கூப்பிட்டாங்க. பிள்ளைங்க பனூ தஹ்மூர், தஹ்மூர் மக்கள்."

"தஹ்மூர்னா என்ன மாமா அர்த்தம்?" என்றான் ஃபிராஸ்.

"ஒரு அர்த்தமும் இல்ல. ஆனா கேட்டா ஏதோ இருக்கற மாதிரி இருக்கில்ல?"

வில்லன் குலத்துக்கு கஸ்னாஜ் என்று வைத்தார். சொல்லும்போதே பல்லைக் கடிக்க வேண்டியிருந்ததால் மூவருக்கும் திருப்தி. தஹ்மூர் தலைவனை கஸ்னாஜ் தலைவன் கொல்ல வேண்டும், அதுதான் கதை. வாளால் கொல்லலாம் என்று வஜ்தி நினைத்திருந்தார்.

"வாள் வேணாம் மாமா" என்றான் ஃபிராஸ். "விருந்துக்குக் கூப்பிட்டு, அத்திப்பழத்துல விஷம் வெச்சு, தன் கையால ஊட்டி விடணும். ஜனங்க அழணும்."

"கல்யாணத்துக்கு முன்னாடியே அத்திப்பழத்துல விஷம் வெக்கிற மாப்பிள்ளை. நல்லாத்தான் பார்த்துப் பிடிச்சேன்" என்றாள் லமா. மூன்று பேரும் சிரித்ததில் கத்தரிக்காய் கருகிவிட்டது.

டாக்டர் நுஃமான் இரண்டு பெயரையும் வாய்விட்டுப் படித்தார். பல்செட் அசையவில்லை.

"நம்பும்படியா இருக்கு" என்றார். பிறகு முகம் சுருங்கியது. "ரொம்ப நம்பும்படியா இருக்கு. அதான் சந்தேகமா இருக்கு. பத்திரிகையில அறிவிப்பு கொடுத்துடுவோம்."

மறுநாள் பத்திரிகையில் வந்த அறிவிப்பு இது: 'இதனால் பொதுமக்களுக்கு அறிவிக்கப்படுவது யாதெனில், வீரத்திலும் விருந்தோம்பலிலும் ஈடிணையற்றதும், ஓநாயை வெறுங்கையால் கொன்றவரின் வழி வந்ததுமான தஹ்மூர் குலத்தார் எவரும் இவ்வுலகில் இல்லை. அவ்வண்ணமே, வஞ்சகத்திலும் விருந்தாளிக்கு விஷம் வைப்பதிலும் பெயர்பெற்ற கஸ்னாஜ் குலத்தாரும் இல்லை. ஆட்சேபம் உள்ளவர்கள் நேரில் வந்து ஆஜராகவும்.'

ஆட்சேபம் கேட்ட தினத்தில் வஜ்தி இயக்ககத்துக்குப் போனபோது வாசலில் கார் நிறுத்த இடமில்லை. முற்றம் முழுக்க மேலங்கிகள். கஸ்னாஜ் என்று எழுதிய மேசைக்குப் பின்னால் ஒரு குமாஸ்தா மட்டும் தனியாக உட்கார்ந்து எள் ரொட்டி தின்றுகொண்டிருந்தார். தஹ்மூர் என்று எழுதிய மேசையைக் காணவே இல்லை. கூட்டம் மூடிவிட்டிருந்தது.

"நானூறு பேரு!" என்றார் நுஃமான், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இவ்வளவு பெரிய குலத்தை இத்தனை வருஷமா நாம கவனிக்காம விட்டுட்டோமே!"

"ஐயா, அது நான் சுரைக்காய் குடையறப்ப உண்டாக்கின பேரு."

"சாட்சி?"

"என் மகள். அவளைக் கட்டிக்கப்போற பையன்."

"ரெண்டு பேர். வெளியே எட்டிப் பாருங்க, முற்றமே சாட்சி. அவங்க இருக்காங்க உஸ்தாத், என் கண்ணு முன்னால நிக்கிறாங்க. இல்லாதவங்களை இல்லைன்னு சொல்லத்தான் எனக்கு அதிகாரம். இருக்கறவங்களை இல்லைன்னு சொல்ல அதிகாரமே கிடையாது."

"ஒரு வாரத்துக்கு முன்னாடி இவங்க யாருமே தஹ்மூர் இல்லையே ஐயா!"

"அப்ப நீங்க இவங்க பரம்பரையைச் சந்தேகப்படறீங்க. அதுக்குத் தனிச் சட்டம் இருக்கு. வாசிக்கட்டுமா?"

வஜ்தி வேண்டாம் என்றார். கூட்டத்தில் எல்லாரும் இடது பக்கத் தலைமுக்காட்டைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி வைத்திருந்தது அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. அவர்கள் வம்சத்தில் எல்லாருக்கும் இடது காது கொஞ்சம் சிறிதாம்.

"ஓநாய் கடிச்சது முப்பாட்டன் காதை. பேரனுக்கு எப்படிங்க காது சிறுசாகும்?" என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டார்.

"அந்த ஓநாய் அவ்வளவு ஆழமா கடிச்சிருக்கு" என்றார் அவர். குரல் தெரிந்த குரலாக இருந்தது. திரும்பிப் பார்த்தால் அபூ ஃபிராஸ்.

அன்று சாயங்காலமே அவர் வஜ்தி வீட்டுக்கு வந்தார். டயர்க் கடைச் சட்டை இல்லை, ஒட்டக ரோம மேலங்கி. தேநீர் கொடுத்தார்கள். உறிஞ்சும் சத்தமில்லாமல் குடித்தார். அதைப் பார்த்ததுமே விஷயம் சரியில்லை என்று வஜ்திக்குத் தெரிந்துவிட்டது.

"வஜ்தி, நம்ம பழக்கம் வேற. அதுல குறை வராது. ஆனா குலம்னு ஒண்ணு வந்துட்டா..."

"எப்ப வந்துச்சு?"

"எண்ணூறு வருஷம் ஆச்சு."

"போன வாரம்வரைக்கும் நீ டயர்க்கடைக்காரன்யா!"

"போன வாரம்வரைக்கும் எனக்குத் தெரியாது. தெரியலைங்கறதுக்காக இல்லாம போயிடுமா? எங்க அப்பா பாவம், தெரியாமலே செத்துட்டாரு." இந்த இடத்தில் அபூ ஃபிராஸ் நிஜமாகவே அழுதுவிட்டார். "குலப் பெரியவங்க கூடி முடிவெடுத்திருக்காங்க. தஹ்மூர் வீட்டுக்கு வர்ற பொண்ணு, பேர் தெரிஞ்ச குலத்துலேருந்துதான் வரணும். மெத்தை தைக்கிற வீட்டுலேருந்து..." என்று நிறுத்தி, "நான் சொல்லலை, பெரியவங்க சொல்றாங்க" என்று முடித்தார்.

அவர் போன பிறகு லமா சமையலறையில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். குழாய்ச் சத்தத்தில் கேட்காது என்று நினைத்துக்கொண்டாள். வஜ்திக்கு எல்லாம் கேட்டது. ஊரில் போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் பரம்பரையைப் பாத்திரம் பாத்திரமாக ஊற்றிக் கொடுத்தவன், தன் பெண்ணுக்கு ஒரு சொட்டு வைக்காமல் போனோமே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

"ஃபிராஸ் என்னம்மா சொல்றான்?"

"அப்பாகிட்ட பேசறேன்னு சொல்றான். கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்றான்."

தொடர் வேலை மட்டும் தடையில்லாமல் நடந்தது. தஹ்மூர் பெரியவர்கள் கதையைக் கேட்டு, சண்டையில் தஹ்மூர்கள் தோற்கிற இடத்தையெல்லாம் வெட்டினார்கள். அத்திப்பழத்தை மட்டும் தொடவில்லை. "வாளால எங்களை ஜெயிக்க முடியாதுன்னு தெரிஞ்சுதானே விஷம் வெச்சான்! இருக்கட்டும்" என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டார்கள்.

வஜ்தி வெட்கத்தை விட்டு இயக்ககத்துக்குப் போய், தன்னையும் தஹ்மூர் குலத்தில் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டார். தையற்காரர் ஒருவர் நாடாவோடு வந்து அவருடைய இரண்டு காதையும் அளந்தார்.

"மன்னிக்கணும். ரெண்டும் ஒரே அளவு" என்றார் நுஃமான், துக்கம் விசாரிக்கிற குரலில்.

"அந்தக் காதையே நான்தானே ஐயா கடிக்க வெச்சேன்!"

"இப்படிச் சொல்லிக்கிட்டு நிறைய பேர் வர்றாங்க உஸ்தாத். எல்லாரையும் சேர்த்தா குலத்துக்கு என்ன மரியாதை? தேநீர் சாப்பிடறீங்களா?" பிறகு சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கஸ்னாஜ் காலியா இருக்கு. ஒருத்தரும் கேட்கலை. எண்ணூறு வருஷப் பழசு, கைபடாத குலம். வேணும்னா இப்பவே தலைவராவே போட்டுடறேன்."

வஜ்தி ஒரு நிமிஷம் யோசித்தார். வில்லனாக இருந்தால் என்ன? பேர் தெரிந்த குலம்தானே கேட்டார்கள்! வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் லமா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"விருந்தாளிக்கு விஷம் வெச்ச குலமாப்பா?"

"எந்தப் பெரிய குலம்மா கொலை பண்ணாம பெருசாச்சு? எல்லாம் உனக்காகத்தான். உன் கல்யாணம் முடியட்டும், மறுநாளே கழட்டி எறிஞ்சுடறேன்."

அப்போது அவர் அதைச் சத்தியமாகத்தான் சொன்னார்.

ரமலான் பிறந்தது, தொடர் ஓடியது. எல்லாரும் தஹ்மூர் தலைவனுக்காக அழுவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். நடந்தது வேறு. கஸ்னாஜ் தலைவனாக நடித்தவர் கண்ணுக்கு மை தீட்டி, கறுப்பு அங்கியைத் தோளில் போட்டு, அத்திப்பழத்தை இரண்டு விரலால் பிடித்து ஊட்டிய அழகில் ஊரே விழுந்துவிட்டது. பெருநாளைக்குக் கடைகளில் கறுப்பு அங்கி கிடைக்கவில்லை. முடிதிருத்தும் கடைகளில் கஸ்னாஜ் தாடிக்கு வரிசை நின்றது. பலகாரக் கடைக்காரர்கள் குனாஃபா இனிப்புக்கு மேல் ஒரு அத்திப்பழத்தை வைத்து இரண்டு பங்கு விலைக்கு விற்றார்கள். முந்தின மாதம் முக்காட்டை ஒதுக்கி இடது காதைக் காட்டிக்கொண்டு திரிந்தவர்களில் பாதிப் பேர் காதை மூடிக்கொண்டு வஜ்தி வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

முதல் ஆள் வந்தபோது வஜ்தி சிரித்தார். ஐந்தாவது ஆள் வந்தபோது உட்காரச் சொன்னார். இருபதாவது ஆளிடம், "உங்க தாத்தா எந்த ஊரு? விருந்தாளிங்ககிட்ட எப்படி நடந்துக்குவாரு?" என்று துருவித் துருவிக் கேட்க ஆரம்பித்தார். "ரொம்ப அன்பா நடந்துக்குவாருங்க" என்று சொன்னவனை, "அப்ப நீ நம்ம ஆள் இல்லை" என்று திருப்பி அனுப்பினார். அனுப்பிவிட்டு, "கண்டவனையும் சேர்த்தா குலத்துக்கு என்னம்மா மரியாதை?" என்று லமாவிடம் சொன்னார்.

கறுப்பு அங்கி ஒன்று தைத்துக்கொண்டார். 'நான்' என்று சொல்வது குறைந்து 'நாங்கள்' என்று சொல்வது கூடியது. தெருவில் வயசாளிகள் எழுந்து நின்று இடம் கொடுத்தார்கள். ஐம்பது வருடம் வானத்தைப் பார்த்து மழையை விசாரித்தவருக்கு அந்த மரியாதை எவ்வளவு இனித்திருக்கும்! குறை சொல்ல நமக்கு மனசு வரவில்லை.

ஒரு நாள் அத்திப்பழக் காட்சியை மறுபடி ஒளிபரப்பினார்கள். லமா வழக்கம்போல, "பாவம் அந்த மனுஷன்" என்றாள். வஜ்தி விருட்டென்று எழுந்துவிட்டார்.

"என்ன பாவம்? எங்க கிணத்தை முதல்ல பிடுங்கினது யாரு? அதை ஏன் ஒருத்தரும் பேச மாட்டேங்கறீங்க?"

"கிணறா? எந்தக் கிணறுப்பா? கதையில கிணறே இல்லையே!"

"நீ சின்னப் பொண்ணு. உனக்குத் தெரியாது."

லமா அப்பாவையே பார்த்தாள். விளையாட்டுக்குச் சொல்கிறாரா என்று முகத்தில் தேடினாள். அவர் தஹ்மூர்களைத் திட்டிக்கொண்டே தொலைக்காட்சியை அணைத்தார்.

ஆனாலும் அவளுக்கு நம்பிக்கை போய்விடவில்லை. ஏனென்றால் அந்த வாரமே அபூ ஃபிராஸ் சொல்லி அனுப்பினார்: கஸ்னாஜ் தலைவர் வீட்டுப் பெண் என்றால் தஹ்மூர் பெரியவர்களுக்குப் பரிபூரண சம்மதம், வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு முறைப்படி பெண் கேட்க வருகிறோம். லமா வீட்டைக் கழுவினாள். திரைச்சீலையைத் துவைத்தாள். ஏலக்காய் வாங்கி வைத்தாள். அவள் பாட்டு முணுமுணுத்து ரொம்ப நாளாகியிருந்தது, அன்றைக்கு முணுமுணுத்தாள்.

வெள்ளிக்கிழமை தஹ்மூர்கள் வந்தார்கள். ஒரு பக்கம் அவர்கள், எதிர்ப்பக்கம் கறுப்பு அங்கியில் கஸ்னாஜ்கள், நடுவில் இரண்டு தரப்புக்கும் வேண்டியவராக டாக்டர் நுஃமான். ஃபிராஸ் புதுச் சட்டையில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். காப்பி வந்தது. அபூ ஃபிராஸ் கோப்பையை வாங்கித் தொடாமல் கீழே வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பெரும் புகழ்பெற்ற கஸ்னாஜ் குலத்துத் தலைவரே! தஹ்மூர் குலத்துச் சார்பா, உங்க மகள் லமாவை எங்க மகன் ஃபிராஸுக்குக் கேட்டு வந்திருக்கோம். நீங்க கொடுத்தாத்தான் இந்தக் காப்பி."

கதவுக்குப் பின்னால் லமா நின்றாள். வஜ்தி சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. அதைச் சொல்வதற்காகத்தான் அவர் அந்தக் குலத்தில் சேர்ந்ததே. வாயைத் திறந்தார். எதிரே வரிசையாக இருந்த தஹ்மூர் முகங்களைப் பார்த்தார். தன் பக்கத்துக் கறுப்பு அங்கிகள் தன்னையே பார்ப்பதையும் பார்த்தார்.

"அபூ ஃபிராஸ்" என்றார் மெதுவாக. "நீங்க வந்தது எங்களுக்குப் பெருமை. ஆனா நம்ம ரெண்டு குலத்துக்கும் நடுவுல ரத்தம் இருக்கு."

தஹ்மூர் பெரியவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"உங்க தலைவர் எங்க வீட்டுல செத்தாரு. அதுக்கு முறையான சமாதானம் இன்னும் நடக்கலை. இப்ப நான் பொண்ணைக் கொடுத்தா ஊர் என்ன சொல்லும்? கஸ்னாஜ்காரன் பயந்துபோய், கொலைக்கு ஈடா பொண்ணைக் கொடுத்தான்னு சொல்லும். எங்க முன்னோர்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அபூ ஃபிராஸ் சிரிப்பார் என்று லமா நினைத்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். நிமிர்ந்தபோது கண் சிவந்திருந்தது.

"ஞாயமான பேச்சு" என்றார். "நாங்களும்தான் யோசிக்காம வந்துட்டோம். தலைவர் ரத்தத்தை ஒரு பொண்ணுக்கு வித்துட்டாங்கன்னு எங்களைப் பேச மாட்டாங்களா? எதிரியா இருந்தாலும் எங்க மானத்தையும் சேர்த்துக் காப்பாத்தினீங்க."

இரண்டு தகப்பன்களும் எழுந்து கட்டிக்கொண்டார்கள். இவ்வளவு கண்ணியமான பகையைத் தன் பணிக்காலத்தில் கண்டதில்லை என்று டாக்டர் நுஃமான் சொன்னார். அப்போதுதான் லமா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"என்ன ரத்தம்ப்பா? யாரு செத்தாங்க? நீங்க சுரைக்காய் குடைஞ்சுக்கிட்டே உண்டாக்கின ஆளுப்பா அது! நான் பக்கத்துல நின்னு கத்தரிக்காய் வறுத்தேன்!" அவள் ஃபிராஸ் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லேன். அத்திப்பழம் யாரு சொன்னது? நீதானே சொன்னே?"

ஃபிராஸ் எழுந்தான். அப்பாவைப் பார்த்தான், பெரியவர்களைப் பார்த்தான். இடது பக்க முக்காட்டைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டான்.

"அது வேற, இது வேற லமா" என்றான். "அன்னிக்கு எனக்கு விவரம் தெரியாது. எங்க தலைவர் செத்ததைப் பத்தி நாலு பேர் முன்னாடி இப்படி எடுத்தெறிஞ்சு பேசாதே. மனசு கஷ்டமா இருக்கு."

லமா அவனை நன்றாக ஒரு தடவை பார்த்தாள்.

"எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்" என்றாள். முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு விம்மி விம்மி அழுதபடி உள்ளே ஓடினாள்.

தஹ்மூர் பெரியவர்கள் அத்தனை பேரும் மரியாதையாக எழுந்து நின்றார்கள். வஜ்தியின் கண்ணில் நீர் நிறைந்துவிட்டது. கறுப்பு அங்கியை இழுத்து விட்டுக்கொண்டு, மகள் போன திசையைக் காட்டினார்.

"பார்த்தீங்களா?" என்றார் பெருமை தாளாமல். "எதிரி குலத்துத் தலைவனுக்காக எப்படி அழறா பாருங்க! கஸ்னாஜ் ரத்தம்!"